போர்ட்டிங் பெட்டியோடு எட்டு மாதம்

போர்ட்டிங் என்பது இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் காற்றும் புகையும் போகும் வழிகளை (போர்ட்) குடைந்து சீராக்கும் வேலை. எட்டு மாதத்தில் மூன்று ஹெட்டுகளில் அதற்கான இந்தச் சாமான் பெட்டியை வைத்து வேலை பார்த்திருக்கிறேன். முதலாவது, பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து எடுத்து வந்த செத்த ஹெட். இரண்டாவது என் சொந்த வண்டியினுடையது. மூன்றாவது நண்பர் ஒருவருடையது. மூன்றுமே காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, அலுமினிய ஹெட், கார்புரேட்டர் வண்டிகள். தண்ணீரில் குளிரும் நான்கு வால்வு ஹெட்டில் இதைப் போட்டுப் பார்த்ததில்லை. அந்த அளவுக்குள் வைத்து இதைப் படியுங்கள்.

பெட்டியின் பெயரைச் சொல்லவில்லை. ஏறக்குறைய இதே சாமான்களை இதே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டி விற்கிறார்கள். எனவே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் பயன். எனக்கு வந்ததில் இருந்தவை: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய கிரைண்டர், ஒரு மீட்டர் ஃபிளெக்ஸிபிள் ஷாஃப்ட், நான்கு கார்பைட் பர் (உலோகத்தைக் குடையும் பல் வைத்த தலை), 60, 80, 120 கிரிட்டில் (எண் கூடினால் சொரசொரப்பு குறையும்) டஜன் டஜனாக எமரி ரோல் (சுருட்டிய உப்புத்தாள்), அவற்றை மாட்ட இரண்டு மேன்ட்ரல், வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும் கிளாம்ப், ரப்பர் குமிழ் வைத்த லேப்பிங் குச்சி (வால்வை அது மூடி உட்காரும் வளையமான சீட்டில் தேய்த்துப் பொருத்த), இரண்டு பக்கமும் மூடி உள்ள கிரைண்டிங் பேஸ்ட் டப்பா, ஒற்றைத் தாளில் செய்முறை.

செத்த ஹெட்டை முதலில் எடுத்ததுதான் இந்த எட்டு மாதத்தில் நான் செய்த நல்ல முடிவு. ஒரு மணி நேரம் காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டைக் குடைந்துவிட்டு, அதை ஹேக்ஸா பிளேடால் நெட்டுக்குத்தாக இரண்டாக அறுத்தேன். போர்ட்டின் கூரைக்கும் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கும் நடுவில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஒரு இடத்தில் 3 மி.மீ. கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கட்டை மாதிரி தடிமனாகத் தெரியும் ஹெட் அது. இன்னும் கொஞ்சம் கை போயிருந்தால் எண்ணெய் நிற்கும் பகுதிக்குள் ஓட்டை விழுந்திருக்கும். உங்கள் வண்டியின் அதே மாடல் ஹெட் ஒன்று பழைய சாமானில் கிடைத்தால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் அதை வாங்கி அறுத்துப் பாருங்கள். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று எந்தத் தாளிலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்காது.

பெட்டியில் மிகவும் ஏமாற்றம் தந்தது பர்கள்தான். நான்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப் பல் வெட்டிய இரட்டை வெட்டு பர்கள். இரும்புக்கு அவை நன்றாக வேலை செய்யும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், சூடானால் பல்லுக்கு நடுவில் போய் ஈஷிக்கொள்ளும். அரை நிமிடம் ஓட்டினால் பர் வழவழவென்று உருண்டையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அது வெட்டாது, உரசிச் சூடாக்கும், துள்ளும். அலுமினியத்துக்கு வேண்டியது அகலமான, ஆழமான ஒற்றைப் பல் வெட்டு. அதில் சுருள் வெளியே வந்து விழ இடம் இருக்கும். மரத்தூளைப் போல அல்லாமல் சின்னச் சின்ன ஊசிகளாக உலோகம் உதிரும். நான் அப்படிப்பட்ட முட்டை வடிவ பர் ஒன்றைத் தனியாக வாங்கினேன். பெட்டியில் வந்த நான்கும் செய்த வேலையை அந்த ஒன்றே இன்னும் சுத்தமாகச் செய்கிறது.

வேறு பர் கிடைக்கும்வரை பெட்டியில் உள்ளதைத்தான் ஓட்டவேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் பர்ரை மெழுகுவர்த்தியில் ஒரு தடவை ஓட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் ஒட்டுவது வெகுவாகக் குறையும். மண்ணெண்ணெய் தடவினாலும் ஒட்டாது. ஆனால் இந்த கிரைண்டரின் உள்ளே கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறந்துகொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, மெழுகே போதும்.

இரண்டாவது குறை இதைவிட ஆபத்தானது. கிரைண்டரில் பர்ரைப் பிடிக்கும் காலெட், எட்டில் ஒரு பங்கு இன்ச் அளவு, அதாவது 3.175 மி.மீ. பர்ரின் தண்டு 3 மி.மீ. கையால் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். முறுக்கினால் பிடிக்கவும் செய்யும். ஆனால் ஒரு பக்கமாகப் பிடிக்கிறது, சுழலும்போது தலை மெல்ல ஆடுகிறது, அழுத்தினால் வழுக்குகிறது. இதை நான் கண்டுபிடித்தது என் சொந்த ஹெட்டில் வேலை செய்தபோது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் சீட்டுக்குக் கீழே குடைந்துகொண்டிருந்தேன். பர் வழுக்கி, துள்ளி, சீட்டின் முகத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டது. நகத்தால் தடவினால் தடுக்கியது. வால்வு சீட்டில் நகம் தடுக்கினால் அங்கே காற்று நிற்காது. லேப்பிங் செய்து அதைப் போக்க முடியவில்லை. கடைசியில் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு சீட் கட்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம்தான் போக வேண்டியிருந்தது. அவர் 45 டிகிரியில் மெல்லிசாக ஒரு வெட்டு எடுத்து, மேலே 30, கீழே 60 டிகிரியில் சரிசெய்து கொடுத்தார். பெட்டியை வாங்கிய அன்றே வெர்னியரை (நுட்பமாக அளக்கும் கருவி) எடுத்து காலெட்டையும் பர் தண்டையும் அளந்துவிடுங்கள். பொருந்தவில்லை என்றால் 3 மி.மீ. காலெட் தனியாகக் கிடைக்கிறது, அதை மாட்டாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அந்த அண்ணன் சொல்லித் தந்த ஒரு வழக்கத்தை இப்போது விடுவதே இல்லை. தூக்கிப்போடப்போகும் பழைய வால்வு ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு, கம்பஸ்ஷன் சேம்பர் (பெட்ரோல் எரியும் அறை) பக்கமிருந்து சீட்டில் உட்காரவைத்து, போர்ட் வழியாகத்தான் குடைய வேண்டும். பர் வழுக்கினால் பழைய வால்வில் படும். சேம்பர் பக்கமாகக் கீழிருந்து குடைந்தே தீர வேண்டிய இடங்களுக்கு மட்டும் வால்வை எடுத்துவிட்டு, கிரைண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எமரி ரோலோடு நிறுத்திக்கொள்வேன். அங்கே பர் கொண்டு போவதில்லை.

கிரைண்டரைப் பற்றி அதிகம் குறை சொல்ல எனக்கு இல்லை. வேகம் குறைத்தாலும் இழுவை இருக்கிறது. ஃபிளெக்ஸிபிள் ஷாஃப்ட் இருப்பதால் கையில் பிடிப்பது பேனா தடிமன் கைப்பிடிதான், போர்ட்டின் வளைவில் நன்றாகத் திரும்பும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சூடு தணிய விடவேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நீளத் தண்டு பர்ரை வெளியே காற்றில் முழு வேகத்தில் சுழலவிடாதீர்கள். நீளமான தண்டு வேகத்தில் சாட்டை மாதிரி வளையும். வளைந்தால் ஒரு நொடியில் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பர்ரை போர்ட்டுக்குள் வைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, பிறகு கூட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகமூடியும் கட்டிக்கொள்ளுங்கள். அலுமினியப் பொடி கண்ணுக்குத் தெரியாமல் மூக்கில் ஏறும்.

எமரி ரோல்கள் தங்கம். எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகவும் பிடித்தவை அவைதான். கூம்பு வடிவில் சுருட்டியிருப்பதால் நுனி தேய்ந்தால் அடுத்த சுற்று வெளியே வரும். மேன்ட்ரலில் திருகும் திசையைச் சரியாகப் பார்த்து மாட்ட வேண்டும், தலைகீழாக மாட்டினால் சுழலும்போது சுருள் பிரிந்து பறக்கும். என் ஹெட்டுக்கு 60-இல் மூன்று, 80-இல் ஏழு செலவாயின. 120 கிரிட் எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும்.

இன்டேக்கை ஏன் 80-இல் நிறுத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியோடு வந்த தாள் இந்த இடத்தில் தவறாக வழிகாட்டுகிறது. "போர்ட்டின் உட்புறம் முழுவதும் கண்ணாடி போலப் பளபளக்கும்வரை தேயுங்கள்" என்கிறது. எக்ஸாஸ்ட்டுக்கு அது சரி, பளபளப்பான சுவரில் கரி ஒட்டுவது குறையும். கார்புரேட்டர் வண்டியின் இன்டேக்கில் போவது வெறும் காற்றில்லை, பெட்ரோல் துளிகளும் சேர்ந்து போகின்றன. வழவழப்பான சுவரில் அந்தத் துளிகள் படிந்து ஓடையாக வழியும். 80 கிரிட் சொரசொரப்பு இருந்தால் சுவரை ஒட்டியுள்ள காற்று கலங்கி, துளியைத் திரும்பவும் தூக்கிவிட உதவும். ஊரெல்லாம் பளபளப்பைத்தான் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். நான் பளபளப்புக்காக ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

அதே தாள் போர்ட்டை "எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக்க" சொல்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். போர்ட் பெருத்தால் காற்றின் வேகம் விழும். வேகம் விழுந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் சிலிண்டர் சரியாக நிரம்பாது. தினமும் ஓட்டும் வண்டியில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்த் திருகினால் இழுக்க வேண்டும், அதுதான் வேண்டும். போர்ட்டின் தரையில், வால்வுப் பக்கம் சட்டென்று திரும்பும் உள்வளைவில்தான் காற்று மிகவும் சிரமப்படுகிறது. காற்றுக்கும் எடை உண்டு, வேகமாக வரும்போது கூர்மையாகத் திரும்பச் சொன்னால் சுவரை விட்டு விலகிப்போகும். அந்த வளைவைக் குடைந்து கீழே இறக்கினால் திருப்பம் இன்னும் கூர்மையாகும், போன உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. அந்த இடத்தை ரோலால் இரண்டு தடவை தடவி, வார்ப்பின் சொரசொரப்பை எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அப்படியானால் குடைய வேண்டியது எது? பெரும்பாலும் சீட்டுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். ஹெட்டை வார்த்த பிறகு சீட் வளையத்துக்காக மெஷினில் கடைந்த இடமும், வார்ப்பின் இயல்பான சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு நிற்கும். விரலை விட்டுத் தடவினால் தெரியும், என்னுடையதில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் படி இருந்தது. காற்று ஓடும் வழியில் இதைவிடக் குறுகலான இடம் வேறில்லை. அங்கே ஒரு படி நிற்பது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். 29 மி.மீ. வால்வு 7.25 மி.மீ. எழும்பினால்தான், அதாவது விட்டத்தில் கால் பங்கு உயர்ந்தால்தான், அதைச் சுற்றித் திறக்கும் இடைவெளியின் பரப்பு வால்வின் முழுப் பரப்புக்குச் சமமாகும். அதற்கு முன்னால் உள்ள நேரமெல்லாம் காற்று சீட்டின் ஓரத்தில்தான் நெருக்கிக்கொண்டு போகிறது. என் இன்டேக்கில் சீட்டுக்குக் கீழே உள்ள தொண்டையின் விட்டம் 23.4 மி.மீ. இருந்தது. வால்வின் விட்டத்தில் சுமார் 85 சதவீதம்வரை தொண்டை இருக்கலாம் என்பது இந்த வேலை செய்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு, எனக்கு அது 24.65 வரும். 24.5-இல் நிறுத்தினேன். படியை எடுத்து, வால்வு கைடைச் சுற்றியுள்ள மேட்டின் முன்பக்கத்தைப் படகின் மூக்கு போல மெலிதாக்கினேன். கைடைத் தொடவில்லை, அது வால்வைப் பிடித்து நிற்கும் தாங்கு.

கார்புரேட்டரிலிருந்து வரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கேஸ்கெட்டை (நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) வைத்துக் கோடு போட்டு, துருத்திக்கொண்டிருந்ததை மட்டும் எடுத்தேன். காற்று போகும் திசையில் துளை விரிந்தால் பரவாயில்லை. எதிரே சுவராக முட்டினால்தான் கெடுதல். எக்ஸாஸ்ட் பக்கம் குழாய், போர்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அதை அப்படியே விட்டேன், திரும்பி வர நினைக்கும் புகைக்கு அந்தப் படி ஒரு தடை.

ஸ்பிரிங் கிளாம்ப் பற்றி மனம் நிறைந்து பாராட்டலாம். கெட்டியான வார்ப்பு, திருகு சீராக ஓடுகிறது, ஐந்து அளவு குவளைகள் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு 23 மி.மீ. சரியாகப் பொருந்தியது. குவளையின் பக்கவாட்டில் உள்ள சன்னல் பெரிதாக இருப்பதால், ஸ்குரூடிரைவர் நுனியில் சிறிது கிரீஸ் தொட்டு வால்வு லாக்கை (ஸ்பிரிங்கை வால்வோடு பூட்டும் சின்னத் துண்டு) ஒட்டி உள்ளே வைக்க முடிகிறது. கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், லாக் தெறித்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. என் மகள் ஒரு மாலை முழுக்க டார்ச் அடித்து அலமாரிக்குக் கீழே தேடித் தந்தாள். மாட்டிய பிறகு வால்வின் நுனியை ரப்பர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, லாக் இரண்டும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சீலை எப்போதும் புதிதாகவே போடுங்கள். அது பெட்டியில் வராது.

லேப்பிங் குச்சி எனக்கு உதவவில்லை. அதன் குமிழ் கார் வால்வுக்கு ஏற்றது, 25 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வில் பிடிக்கவே இல்லை. ஒரு சாண் பெட்ரோல் டியூபை எடுத்து வால்வின் தண்டு நுனியில் இறுக்கமாகச் செருகி, மறுபக்கத்திலிருந்து மெல்ல இழுத்துப் பிடித்தபடி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டினேன். மத்து கடைவது போல இப்படி அப்படி, நடுநடுவே தூக்கி, கால் சுற்று திருப்பி வைத்து. பேஸ்ட் நல்ல தரம். நைஸ் பக்கம் மட்டுமே போதுமாக இருந்தது. சீட் சரியாக வெட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சாம்பல் நிறத்தில் முழு வளையம் விழும். இன்டேக்கில் வளையம் 1.2 மி.மீ. அகலம், எக்ஸாஸ்ட்டில் 1.6. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த வளையம் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது, அதனால் அது கொஞ்சம் அகலமாக இருப்பதே நல்லது. டைட்டானியம் வால்வு உள்ள வண்டி என்றால் பேஸ்ட்டைத் தொடாதீர்கள், மேலே உள்ள பூச்சு போய்விடும்.

முடிந்ததும் பெட்ரோலில் மட்டும் கழுவினால் போதாது. பேஸ்ட்டின் மணல் கைடுக்குள் தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் வைத்து, பாட்டில் பிரஷ்ஷால் கைடு, ஓட்டைகள், எண்ணெய் வழி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி கறுக்காமல் வருவதற்கு மூன்று தடவை ஆயிற்று. அப்புறம் வால்வு, ஸ்பிரிங், லாக் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்துவைத்து சேம்பரில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். பத்து நிமிடம் போர்ட்டில் ஒரு துளிகூடக் கசியவில்லை.

சேம்பருக்குள் கரியைச் சுரண்டியதோடு சரி, குடையவில்லை. காரணம் கணக்குதான். என் வண்டி 57 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 58.6 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 149.5 சிசி. கேஸ்கெட், பிஸ்டன் தலை எல்லாம் சேர்த்து மேலே மிஞ்சும் இடம் 17.6 சிசி. 149.5-உடன் 17.6-ஐக் கூட்டி 17.6-ஆல் வகுத்தால் கம்ப்ரஷன் விகிதம் 9.5. சேம்பரில் அழகுக்காக 0.4 சிசி தேய்த்தால் போதும், அது 9.3-க்கு இறங்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சும், துளை போட்ட அக்ரிலிக் துண்டும், ஓரத்துக்குக் கொஞ்சம் கிரீஸும் இருந்தால் சேம்பரின் கொள்ளளவை வீட்டிலேயே அளக்கலாம். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதிவைத்துக்கொண்டேன்.

ஹெட்டின் அடிமுகத்தில் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் ஓர் ஓரத்தில் 0.08 மி.மீ. நுழைந்தது. என் வண்டிக்கு 0.05 தான் எல்லை. தடிமனான கண்ணாடி மேல் 240 வாட்டர் பேப்பர் ஒட்டி, மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்து, கோடு முழுவதும் மறைந்ததும் 400-இல் முடித்தேன். இதற்கும் பெட்டியில் எதுவும் இல்லை.

வண்டி எப்படி இருக்கிறது? ஓட்டியபோது முதலில் தெரிந்தது ஐடில். முன்பு கிடுகிடுவென்று இருந்தது, இப்போது சீராக நிற்கிறது. அது பெரும்பாலும் சீட் வேலையின் பலன் என்றே நினைக்கிறேன். நடு வேகத்தில் திருகினால் தயங்காமல் எடுக்கிறது, மேல் வேகத்தில் மூச்சு விடுவது நன்றாகவே தெரிகிறது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருந்தது. காற்று கூடுதலாக வருகிறது, பெட்ரோல் பத்தவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிய பிறகு பழுப்பு நிறத்துக்கு வந்தது. ஹெட்டில் கைவைத்தவர்கள் பிளக்கைப் பார்க்காமல் வண்டியை விரட்டாதீர்கள், பெட்ரோல் பற்றாமல் ஓடினால் பிஸ்டனுக்குச் சூடு ஏறும்.

நண்பரின் ஹெட்டில் தனியாக வாங்கிய பர், சரியான காலெட், பழைய வால்வு மூன்றும் கையில் இருந்ததால் இரண்டு மாலையில் முடிந்தது. கீறல் எதுவும் விழவில்லை.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். கிரைண்டர், ரோல், கிளாம்ப், பேஸ்ட் நான்குக்காகவே இது தகும். பர்ரையும் காலெட்டையும் கூடவே வாங்கிவிடுங்கள், செய்முறைத் தாளை மடித்து ஓரமாக வையுங்கள். வெர்னியர், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவு முறுக்கி இறுக்கும் கருவி) மூன்றும் வீட்டில் இல்லாதவர்கள் அவற்றை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள். லேப்பிங் செய்த வால்வு ஓட ஓட சீட்டில் இன்னும் கொஞ்சம் உட்காரும், வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளி குறையும். 500 கிலோமீட்டரில் நான் மூடியைத் திறந்து பார்த்தபோது எக்ஸாஸ்ட்டில் 0.10 மி.மீ. வைத்தது 0.07 ஆகியிருந்தது. திரும்பவும் 0.10 வைத்தேன். அதன்பின் 2,000 கிலோமீட்டரில் பார்த்தேன், நகரவில்லை.